எங்கள் வீட்டு டிவிக்கு முத்திரை

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது என் வேலை. பத்தொன்பது வருடங்களாக எடை அளவு ஆய்வாளனாக இருக்கிறேன். நான் உள்ளே கால் வைத்தால் காய்கறிக்காரர்கள் அவசரமாகத் தராசுத் தட்டைத் துடைப்பார்கள். ஒரு கிலோ என்றால் எல்லாக் கடையிலும் ஒரு கிலோவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த டிவியைப் பாருங்கள். அதில் இருபது என்றால் மூன்று விதமான இருபது.

செட்டாப் பாக்ஸில் செய்தி கேட்க இருபது வைத்தால் வாசிப்பவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். நாற்பத்தைந்துக்கு ஏற்ற வேண்டும். டிவிடி பிளேயருக்கு இருபத்தைந்து போதும். மகளின் கேம் பெட்டிக்கோ பன்னிரண்டே தாராளம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முன் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் மறந்துவிடுவோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் நாற்பத்தைந்தில் செய்தி கேட்டுவிட்டு எழுந்துபோனேன். மகள் வந்து கேமைப் போட்டாள். அதில் முதல் காட்சியிலேயே ஒரு பாலத்தை வெடிவைத்துத் தகர்ப்பார்கள். முகத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த நான் கன்னத்தைக் கீறிக்கொண்டேன். அதைவிடப் பெரிய சேதம் கீழ்வீட்டில் நடந்தது.

கீழே இருப்பவர் எங்கள் வீட்டுக்காரம்மா. பாஷை புரியாத இரண்டு பேருக்கு நடுவில் ஃபோனில் இருந்துகொண்டு மொழிபெயர்த்துச் சொல்வது அவர் தொழில். எங்கள் ஹாலுக்கு நேர் கீழே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ஒரு டாக்டர் தன் நோயாளியிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை வீட்டுக்காரம்மா மொழிபெயர்த்த அதே நொடியில் பாலம் இடிந்து விழுந்ததாம்.

மாடியேறி வந்தவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சார், இந்த மாசக் கடைசியோட உங்க ஒப்பந்தம் முடியுது. சத்தம் இப்படியே இருந்தா நான் புதுசா எழுதித் தரமாட்டேன். வேற வீடு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் வேலை பார்க்கும் நூலகம் தெருவின் எதிர்ப்பக்கம்தான். புத்தகம் திரும்ப வாங்கும் மேசையில் இருந்து நிமிர்ந்தால் எங்கள் பால்கனி தெரியும். மழை தூறினால் ஓடிவந்து துணியை எடுத்துப்போட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். இந்த வீடு போனால் தினமும் இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

"இந்த வீடு கைவிட்டுப் போச்சுன்னா நான் உங்களோட பேசவே மாட்டேங்க" என்றாள்.

காதுக்கு நிம்மதி என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். கல்யாணமான புதிதில் அவள் பேசுவதைக் கேட்கக் கிட்டத்தில் போய்க் குனிய வேண்டும். அசல் நூலகக் குரல். இரண்டு வருடங்களாகத்தான் இப்படி ஆகிவிட்டாள். சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட ஏலம் போடுவதுபோல் கூவுகிறாள். நாற்பதைத் தாண்டினால் சிலருக்குக் கோபம் வரும், நாம்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் புத்திமதி வேறு சொல்லியிருக்கிறேன்.

வீட்டைக் காப்பாற்றும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தராசைத் திருத்துபவனுக்கு டிவியைத் திருத்தத் தெரியாதா? டிவியை இருபதில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக இருக்கும் சத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது என் திட்டம். அதற்கு ஒரு எடைக்கல் வேண்டும். மனிதக் குரலைவிடச் சரியான எடைக்கல் எது? ஞாயிறு காலை மனைவியை டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"போன்ல சத்தம் அளக்கற ஆப் இருக்குப்பா. சும்மாவே கிடைக்கும்" என்றாள் மகள்.

"அதுக்கு யாரு முத்திரை போட்டது?"

"யாரும் போடலப்பா."

"அப்ப அதை உள்ள வை."

மனைவி நூலக விதிமுறைகளை வாசிக்க ஆரம்பித்தாள். எடுத்த புத்தகத்தைப் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், பக்கங்களை மடிக்கக் கூடாது. நான் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் அவள் குரலையும் மறுபக்கம் டிவியையும் நிறுத்துப் பார்த்தேன்.

"முணுமுணுக்காதே. சாதாரணமாப் பேசு" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு பக்கங்களை மடிக்கக் கூடாது என்பதை இன்னும் உரக்கச் சொன்னாள். இப்போது சரியாக இருந்தது. அந்தக் குரலுக்குச் சமமாக மூன்று பெட்டிகளையும் திருத்தி, ஒவ்வொன்றிலும் தேதியும் என் கையெழுத்தும் போட்ட வெள்ளைச் சீட்டை ஒட்டினேன். எதிலிருந்து எதற்கு மாறினாலும் ஒரு முள் அசைவு இல்லை. பெருமை பிடிபடவில்லை எனக்கு.

புதன்கிழமை சாயங்காலம் மூவரும் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா வந்தார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மூணு நாளா ஒரு தடவையாவது தூக்கிவாரிப் போட்டுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். முன்னாடி எப்பவாவது இடி விழும். இப்ப நீங்க வீட்ல இருக்கற நேரமெல்லாம் விடாத அடைமழை."

"எல்லாம் ஒரே அளவும்மா. என் மனைவி சாதாரணமாப் பேசற அளவு."

"அது நீங்க இருக்கறப்ப பேசற அளவு சார்." அவர் குரலில் கோபமே இல்லை. "நீங்க கிளம்பிப் போனப்புறமும் இவங்க டிவி பாக்கறாங்க, பேசறாங்க. கீழ எனக்கு ஒண்ணுமே கேக்காது. சாயங்காலம் உங்க செருப்புச் சத்தம் படியில வந்ததும் இவங்க குரல் ஏறும், டிவியும் ஏறும். நாள் பூரா காதை வச்சுப் பொழைக்கறவ நான். கோளாறு பெட்டியில இல்ல சார்."

மனைவி தரையைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாள் சரியாத்தானே இருந்தது" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தராசில் கையும் களவுமாகப் பிடிபடும் ஒவ்வொரு கடைக்காரரும் என்னிடம் சொல்லும் வாக்கியம் அது. அவர்களில் ஒருவரையும் நான் நம்பியதில்லை.

"ரெண்டு வருஷமா இப்படித்தாங்க" என்றாள் மனைவி.

"ஏன் சொல்லல?"

"உங்க கைக்கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுதுன்னு சொன்னதுக்கே ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. காதைப் பத்தி எப்படிச் சொல்றது? கொஞ்சம் சத்தமாப் பேசிட்டாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

பகலெல்லாம் மெல்லப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் எனக்காகத் தினமும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். நான் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா கையில் இருந்த ஒப்பந்தத் தாளை மடித்துக்கொண்டார். "மாசம் முடிய இன்னும் பதிமூணு நாள் இருக்கு. காதைக் காட்டிட்டு வாங்க சார், அப்புறம் எழுதறதா வேண்டாமான்னு பாக்கலாம்."

மறுநாளே போனேன். காது பரிசோதிக்கும் பெண் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் நேர்மையாகத்தான் அழுத்தினேன். பாதி நேரம் அழுத்துவதற்கு எதுவுமே வரவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். இரும்பு எடைக்கற்களில் சுத்தியலால் முத்திரை அடித்த வருடங்களைச் சொன்னதும் தலையாட்டினார். பரிசோதித்த தாளில் ஒரு கோடு இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே போயிற்று. இப்படி ஒரு தராசைக் கடையில் பார்த்திருந்தால் அப்போதே பறிமுதல் செய்திருப்பேன்.

ஒரு வாரத்தில் கருவி வந்தது. இரண்டு காதுக்கும் அவரைக்கொட்டை அளவில் ஒவ்வொன்று. மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது என் சட்டையே சரசரத்தது. சட்டை சத்தம் போடும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக முத்திரைச் சீட்டுகளைக் கிழித்தேன். மகள் ஆப்பை வைத்து மூன்று பெட்டிகளையும் சமமாகவும் தாழ்வாகவும் திருத்தினாள். அதற்கு யார் முத்திரை போட்டது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாட்களில்தான் ஒரு உண்மை தெரிந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நான் வருத்தப்பட்டிருக்கிறேன். அது ஒருநாளும் குறைந்ததே இல்லை. தாயும் மகளும் என் எதிரிலேயே, தட்டைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கருவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவர்களை விடவில்லை.

"அப்பா இன்னைக்கும் அந்தப் பழுப்புச் சட்டைதான்" என்றாள் மகள், உதடு அசையாமல்.

"துவைக்கப் போட்டேன். திரும்ப எடுத்துக்கிட்டார்" என்றாள் அம்மா.

நான் எதுவும் கேட்காததுபோல் சாப்பிட்டேன். இன்னும் என்னவெல்லாம் வருகிறது பார்ப்போம் என்ற ஆசைதான். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மூச்சுவாங்க நின்றிருந்தார் வீட்டுக்காரம்மா.

"வீட்லதான் இருக்கீங்களா? நீங்க வர்ற நேரத்துலகூட மேல ஒரு சத்தத்தையும் காணோம். மூணு நாளாச்சு. கோவிச்சுக்கிட்டு சொல்லாமகொள்ளாம காலி பண்ணிட்டீங்களோன்னு ஓடி வந்தேன்."

காதைத் திருப்பிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார். மூன்று வருடத்துக்கு எழுதியிருந்தார். நான் பேனாவை எடுத்துத் தாளின் மேல் குனிந்தேன்.

"முழுசாப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று சமையலறையில் இருந்து மனைவி சொன்னாள். என்னிடம் சொன்னதுகூட இல்லை. இவர் எங்கே படிக்கப்போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரல்.

"படிச்சுட்டேம்மா" என்றேன், தலையைத் தூக்காமல்.

உள்ளே பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. ஈரக் கையோடு அவள் சமையலறை வாசல்வரை வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடங்களில் அவள் அடுத்த அறையில் இருந்து கத்தாமல் சொல்லி நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.