ரெக்ஸ்டேலில் ஒரு டெக்சஸ் மயானம்

...தாய்மொழியில் அழு என்றால் எதில் அழுவது, எழுதித் தந்த நான்கு வரி ஸ்பானிஷை மனப்பாடம் செய்தாயிற்று, மாமா தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லித் தந்தார், ஸ்பானிஷ் பாட்டுகளைச் சொல்லித் தருவதுபோலவே, இப்போது கடைசி நேரத்தில் இயக்குநர் வந்து, வசனத்தை மறந்துவிடு மரிசேலா, செத்தவன் உன் தம்பி, உனக்கு வருவதைச் சொல்லி அழு என்கிறார், எனக்கு என்னதான் வரும்? மரிசேலா ஐஸ்கட்டியை நாக்கின் கீழ் ஒதுக்கினாள். படத்தில் இது வெயில் காயும் டெக்சஸ் மயானம், பேசும்போது வாயிலிருந்து புகை வரக்கூடாதாம், ஆனால் இது ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல், மார்ச் மாதம், பனியை வழித்துத் தள்ளிவிட்டு மொட்டை மரங்களில் துணி இலைகள் கட்டியிருந்தார்கள். தாய்மொழி ஸ்பானிஷ் என்று முகவர் அடித்துச் சொல்லித்தான் வேடம் கிடைத்தது, டெக்சஸில் சான் அந்தோனியோ கலியாண மண்டபங்களில் அக்கோர்டியன் வாத்தியத்தோடு தொண்டை கிழியப் பாடியவளுக்கு இது முதல் படம்... ஸ்பானிஷ் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு விழுந்த அடி, அது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலம் மட்டும்... இதை இங்கே யாரிடம் சொல்வது, சொன்னால் நாளைக்கே வேறொருத்தி வந்து இறங்குவாள். இங்கே ஸ்பானிஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர், சிலியிலிருந்து அகதியாக வந்த ஒலிப்பதிவாளர், காலையிலிருந்து அவர் பக்கமே போகாமல் தப்பியிருந்தாள்.

பக்கத்தில் கறுப்புச் சால்வையோடு நின்ற துணைநடிகை இராஜேஸ்வரியும் மெக்சிக்கோக்காரி இல்லை, இலங்கைத் தமிழ்ப் பெண், மகள் கௌசியோடு பஸ் பிடித்து வந்தவள். “அம்மா போன கிழமை ஈரான்காரி, இண்டைக்கு மெக்சிக்கோ. பாஸ்போட் இல்லாமலே உலகம் சுத்துறா,” என்று கௌசி ஆங்கிலத்தில் சொல்ல, தாய் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதட்டினாள், “வாயைப் பொத்தடி, அந்தப் பிள்ளை நடுங்குது. ஏனம்மா, குளிருதோ?” குளிர்தான் என்றாள் மரிசேலா, இது குளிரா? “நீங்கள் சத்தம் போடக்கூடாதாம் அம்மா, வாயை மட்டும் அசைக்கட்டாம்,” என்றாள் கௌசி. “செத்தவீட்டில சத்தம் போடாமல் எப்பிடியடி அழுறது?”

அமைதி என்று யாரோ கத்தினார்கள், மரிசேலா ஐஸ்கட்டியைத் துப்பினாள், சவப்பெட்டி, பிளாஸ்டிக் பூக்கள், கமரா அருகே வருகிறது, வாய் திறந்தேயிருக்கிறது, ஒன்றுமில்லை, ஒரு சொல்லுமில்லை... பிறகு வந்தது, அவளுடைய ஸ்பானிஷ் பாட்டு, கலியாணங்களில் கிழவர்களும் எழுந்து ஆடும் பாட்டு, சனிக்கிழமை சீக்கிரம் வா, காலுக்குச் சப்பாத்தை மினுக்கி வை, மெட்டை உருவிவிட்டுச் சொற்களை மட்டும் அழுகையில் தோய்த்துத் தோய்த்து, சப்பாத்தை மினுக்கி வை, ஐயோ, சப்பாத்தை... இராஜேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை, பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்து, தோளில் முகத்தைப் புதைத்து, “என்ர ராசா, ஆரை நம்பி எங்களை விட்டிட்டுப் போறாய்” என்று தமிழில் பெருங்குரலெடுத்தாள், மரிசேலாவுக்கு அது எந்த மொழியென்றும் தெரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்த அழுகை நடிப்பில்லை.

இயக்குநர் கண்ணைத் துடைத்தார். இதைத்தான் எழுதவே முடியாது என்றார், அந்த அம்மாவின் ஸ்பானிஷ் என்ன உருக்கம் என்றார். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். எழுந்தார். வருகிறார், நேரே அவளிடம்தான், கேட்டிருப்பார், ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருப்பார்... முன்னால் நின்று தாழ்ந்த குரலில் ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னார், முடிவில் குரல் உயர்ந்தது, அப்படியானால் கேள்வி. இயக்குநர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றார். ஆம் என்றாள் மரிசேலா, ஸ்பானிஷில், கூடியவரை உறுதியாக. அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார், தோளில் தட்டினார், திரும்பிப் போய், ஒலி சரி என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

என்ன கேட்டார்? தம்பி உண்மையிலேயே இருந்தானா என்றா, களைத்துவிட்டாயா என்றா... அல்லது, உனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லைத்தானே பெண்ணே என்றா? அப்படியென்றால், இத்தனை பேருக்கு நடுவில், அந்த மொழியிலேயே, அவள் உண்மையைச் சொல்லிவிட்டாளே.