அருணாசலத்தின் ஏழு குட்டிகள்

பாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே இன்றைக்கும் நாய்க்குட்டி வாசனைதான். பாலும் மரத்தூளும் பழைய சாக்கும் கலந்த அந்த வாசனைக்காக அவள் எத்தனையோ கல்யாண விருந்துகளைக் கோட்டை விட்டிருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் லாலாகுடா ரயில்வே பட்டறை ஆபீசில் ஸ்டெனோ. ஏழாவது நாள் செகந்திராபாத்தின் ஒரு சின்ன நாய் வளர்ப்போர் சங்கத்துக்குப் பதிவாளர். சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு, அதுவும் பெரும்பாலும் நாய்களிடம்.

யார் வீட்டிலாவது ஜாதி நாய் குட்டி போட்டால் சங்கத்துக்குத் தகவல் வரும். ஏழெட்டு வாரம் கழித்து பாமா போய்க் குட்டிகளை எண்ணுவாள், தாயைப் பார்ப்பாள், தகப்பனின் சர்ட்டிபிகேட்டைச் சரிபார்ப்பாள். பிறகு ஒவ்வொரு குட்டியின் காதிலும் உள்பக்கமாக ஒரு எண்ணைப் பச்சை குத்தி, அதையே தன் தடித்த பதிவேட்டில் எழுதிக்கொள்வாள். குட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதைக் கட்டினால் ஒரு காகிதம் வரும். வாங்குகிறவர்கள் ‘பேப்பர் இருக்கா?’ என்று கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

2001 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. பட்டறை ஃபோர்மன் நாராயணசாமியின் குவார்ட்டர்ஸில் ரோஸி என்ற லேப்ரடார் ஏழு குட்டி போட்டிருந்தது. ஏழுக்கும் ஆள் தயார். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சேர்ந்திருந்த சின்னப் பசங்கள். கையில் முதல் முறையாகக் காசு, ஊரில் பேச ஆள் கிடையாது. நாய் ஒரு சாக்கு, நாராயணசாமியின் மனைவி வசந்தகுமாரி போடும் காப்பிக்காகத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பாமாவுக்கு அன்றே சந்தேகம்.

முற்றத்தில் பாய் விரித்து எல்லாரையும் உட்காரவைத்துப் படிவம் கொடுத்தாள். திருநெல்வேலிக்காரப் பையன் தினேஷ்தான் முதலில் நீட்டினான். குட்டியின் பெயர் பாண்டி. நல்லது. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ‘அருணாசலம்’ என்று மணிமணியாக எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் காகிதத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் கை தன்னால் எழுதிய பெயர் அது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவனைப் பார்த்து, சந்தேகமே இல்லாமல் தங்கள் அப்பாக்களையும் எழுதிவைத்திருந்தார்கள்.

பாமா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள்: “அருணாசலம் சார் எத்தனை நாய் ஷோவுல ஜெயிச்சிருக்காரு?”

முற்றமே சிரித்தது. நாராயணசாமி அதுவரை யாரும் கேட்டிராத சத்தத்தில் சிரித்தார். தினேஷுக்கு முகம் சிவந்துபோயிற்று, பிறகு அவனும் சிரித்தான். அன்றோடு அந்த ஏழும் அருணாசலம் குட்டிகள் என்றே ஆகிவிட்டன. சிரித்த பழக்கத்தில் அந்த ஏழு பேரும் விடாமல் மாதம் ஒரு ஞாயிறு நாய்களை இழுத்துக்கொண்டு லாலாகுடாவுக்கு வந்தார்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சண்டை போட்டார்கள், வசந்தகுமாரியின் அடுப்படியில் உரிமையோடு பாத்திரம் உருட்டினார்கள். நாய்கள் செம்பருத்திச் செடியைப் பிய்த்துப்போட்டன. அது மூன்று வருஷம் நடந்தது. தன் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஞாயிறுகள் வந்ததில்லை என்று பாமா சத்தியம் செய்வாள். அவற்றைக் கெடுத்தவளும் அவள்தான்.

ஊருக்குள் பணம் வந்ததும் சங்கத்துக்கும் வந்தது. வருஷத்துக்கு நாற்பது குட்டி பதிந்த இடத்தில் நானூறு பதிந்தார்கள். ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்த மறுமாதம் பைக், அதற்கு அடுத்த மாதம் பேப்பரோடு ஒரு நாய் என்று ஆகிவிட்டது. கட்டணப் பணத்தில் ஷாமியானா பெரிதாயிற்று, கோப்பைகள் வெள்ளியாயின, நடுவர் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தார். ஷோ முடிந்ததும் கமிட்டிக்கு பிரியாணி விருந்து. பாமாவும் சாப்பிட்டாள். பதிவேட்டில் எண் ஏறுவதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

2004 பொதுக்குழுவில் நாராயணசாமி எழுந்து நின்றார். மேடைப் பேச்சுப் பழக்கமில்லாத மனுஷன், கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். குட்டிக்குப் பத்து ரூபாய் தனியாக எடுத்துவைக்க வேண்டும், இந்தப் பிள்ளைகள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ, ஒருநாள் இந்த நாய்கள் போக இடமில்லாமல் நிற்கும், அன்றைக்குச் சங்கம் ஒரு கூரையும் ஒரு தட்டுச் சோறும் கொடுக்க வேண்டும் என்றார். இதுவரை வாங்கிய கட்டணம் எதற்கெல்லாம் போனது என்றும் கேட்டார்.

கடைசிக் கேள்விதான் பாமாவைச் சுட்டது. ரசீதுப் புத்தகம் அவள் கையில் இருந்தது. தன்னைத் திருடி என்று சொல்லிவிட்டதாக அவளே நினைத்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது.

“நாய் வித்துத் துட்டு பாத்தவரு கணக்கு கேக்கறாரு. ஹவ், ஆமா, நல்லா கேளுங்க” என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாராயணசாமி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு குட்டியைக்கூடப் பதியவில்லை. அடுத்த வருஷம் ரிட்டையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தார் என்று கேள்வி. பாமா போய்ப் பார்க்கவில்லை. முதல் மாதம் வீம்பு, அடுத்த மாதம் வெட்கம். அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

2009, ஐ.டி. வேலைகள் ஆட்டம் கண்டிருந்த நேரம். பாலாநகரில் கிளினிக் வைத்திருந்த மாட்டு டாக்டர் தியாகு ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தார். மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் வாட்ச்மேன் வயதான லேப்ரடார் ஒன்றைக் கேட்டுக்கு அருகில் கட்டிவைத்துச் சோறு போடுகிறான், காதில் ஏதோ எண் இருக்கிறது என்றார். இடத்தை விற்றுவிட்டார்கள், ஞாயிறு அன்று புது முதலாளி சாவி வாங்க வருகிறார், அதற்குள் நாய்க்கு ஒரு இடம் கிடைக்காவிட்டால் தெருதான். “எட்டு வயசும்மா. பின்னங்கால் வேற சரியில்ல. தெருவுல விட்டா ஒரு வாரம் தாங்காது” என்றார்.

எண்ணைக் கேட்டதும் பாமா பதிவேட்டைத் திறந்தாள். தன் கையெழுத்து. ரோஸியின் நாலாவது குட்டி, தினேஷின் பாண்டி. அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்த படிவத்தின் தகப்பன் பெயர் கட்டத்தில் ஒரு அடித்தல், அதற்குக் கீழே ‘அருணாசலம்’ இன்னமும் தெளிவாகத் தெரிந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

நாலாயிரம் நாய்களுக்கு எண் போட்டவள் வீட்டில் ஒரு நாயை வைத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது மாடி ஃபிளாட், அசோசியேஷன் விதி. சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள். ரொம்ப வருத்தப்பட்டார். பதிவுக் கட்டணத்தைப் பதிவுக்கும் ஷோவுக்கும் தவிர வேறெதற்கும் எடுக்க வழியில்லை என்றும், அடுத்த பொதுக்குழுவில் வேண்டுமானால் பேசலாம் என்றும் சொன்னார். அடுத்த பொதுக்குழுவுக்கு ஏழு மாதம் இருந்தது.

பதிவேட்டில் அந்த ஏழு பேரும் ஈமெயில் முகவரி எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பெருமையான சொத்து அதுதான். தினேஷையும் சேர்த்து ஏழு பேருக்கும் பாமா ஒரே கடிதம் எழுதினாள்: அருணாசலம் குட்டிகளில் ஒன்று இடமில்லாமல் நிற்கிறது, அதன் கூடப் பிறந்ததை வைத்திருப்பவர்கள் நீங்கள், உங்களில் யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா. கஷ்டகாலத்தில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரிதான் எழுதினாள்.

மூன்று பேர் கூப்பிட்டார்கள். மதுரைக்காரன் கணேஷ்குமார் பெங்களூரிலிருந்து பேசினான். அவன் நாய் போன வருஷம் சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டது. இன்னொன்றைப் பார்க்கத் தெம்பில்லை மேடம் என்று சொல்லிவிட்டு, வசந்தாம்மா இன்னும் அந்தக் காப்பி போடுறாங்களா என்று கேட்டான். பாமா அந்த வீட்டுப் பக்கம் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கோயம்புத்தூர் பத்மப்ரியாவின் நாய் நன்றாக இருந்தது. ரயிலில் நாய்ப்பெட்டியில் ஏற்றி, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஓடித் தண்ணீர் வைத்து ஊருக்குக் கொண்டுபோனவள். இப்போது இரட்டைக் குழந்தை, வீட்டில் கால் வைக்க இடமில்லை. “அந்த ஞாயித்துக்கெழமைகளை நினைச்சா இப்பவும் அழுகை வருதுங்க மேடம்” என்றாள். நாயைப் பற்றி மறுபடி கேட்க பாமாவுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாகக் கூப்பிட்டது தினேஷ், புனேயிலிருந்து. இங்கே வேலை போய், அங்கே கிடைத்து, நாலு பேரோடு ஒரே ரூமில் இருக்கிறான். பட்டான்செரு பக்கம் தோட்ட வீடு வைத்திருந்த ஒருவரிடம் பாண்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவர் தோட்டத்தை விற்றதை அவனிடம் சொல்லவே இல்லை. அங்கிருந்து பாலாநகர் வரை எப்படி வந்தது என்பது அந்த நாய்க்குத்தான் தெரியும்.

அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு பாமா போனை வைத்தாள். அவனைத் திட்டத்தான் நினைத்திருந்தாள், முடியவில்லை. அப்போது சனிக்கிழமை காலை பத்து மணி.

மீதி நாலு பேரிடமிருந்து பதில் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதிவேட்டின் அதே பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, குட்டி பிறந்த வீடு என்று ஒரு வரி இருந்தது. அதில் இருந்த பெயரை அவள் செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தாள். நாலு நாளாக அந்த வரியைத் தாண்டித் தாண்டித்தான் மற்ற பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொண்ணுக்குக் கஷ்டம் என்றால் முதலில் பிறந்த வீட்டுக்குத்தானே சொல்வார்கள். தன் வீம்புக்காக ஒரு வாயில்லா ஜீவனை நாலு நாள் கேட்டில் கட்டிவைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பட்டறையில் விசாரித்ததில், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாராயணசாமி ஓட்டு வீடு வாங்கியிருப்பது தெரிந்தது. ஆட்டோவில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பாமா வரிவரியாக ஒத்திகை பார்த்தாள். அன்றைக்கு நான் பேசியது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், பிறகுதான் நாய் விஷயம்.

கதவைத் திறந்த வசந்தகுமாரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஐந்து வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வா பாமா, பின்னாடி இருக்காரு. பாத்து வா, தரையெல்லாம் ஈரம்” என்றாள்.

பின்கட்டில் நாராயணசாமி ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் சோறு கிண்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆறு நாய்கள் படுத்திருந்தன. மூன்று லேப்ரடார், ஒரு டாபர்மேன், கண் மங்கிய ஒரு பொமரேனியன், ஒரு கால் இல்லாத அல்சேஷன். எல்லாம் வயதானவை. மூக்கு நரைத்த லேப்ரடார் ஒன்று எழுந்து வந்து பாமாவின் புடவையை முகர்ந்தது. பழக்கதோஷத்தில் அவள் அதன் காதைத் திருப்பினாள். உள்ளே எண் இருந்தது. அவள் குத்திய எண்.

அடுத்த நாயிடம் போனாள். அதற்கும் இருந்தது. ஆறு காதுகளையும் திருப்பிப் பார்த்தாள், ஆறும் அவள் பதிவேட்டு நாய்கள். ஆறுக்கும் அவள் கையால் ரசீது போட்டுக் கட்டணம் வாங்கியிருக்கிறாள். அந்தப் பணத்தில் செய்த வெள்ளிக் கோப்பைகள் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கின்றன. இந்த ஆறும் இங்கே இருக்கின்றன.

நாராயணசாமி கரண்டியை வைக்காமலே சொன்னார். ஒருவர் அமெரிக்கா போனார். ஒரு தம்பதி பிரிந்துபோய், நாயை இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். ஒருவருக்குப் புது ஃபிளாட்டில் அனுமதியில்லை. இதில் இரண்டுதான் அவர் வீட்டில் பிறந்தவை, மற்றவை வாய்வழியாகக் கேள்விப்பட்டு யார் யாரோ கொண்டுவந்து விட்டவை. பென்ஷனில் ஓடுகிறது, கசாப்புக் கடைக்காரன் எலும்பு சும்மா கொடுக்கிறான் என்றார். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார்.

ஆட்டோவில் பார்த்த ஒத்திகை எல்லாம் பாமாவுக்கு மறந்துபோயிருந்தது.

“சங்கத்துல ஏன் சொல்லல நீங்க?” என்றாள்.

“சொன்னேனேம்மா” என்றார் நாராயணசாமி.

குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அன்னைக்கு நான் பேசினது, என்று தொடங்கினாள். “நக்கோம்மா, வுடு” என்று அவர் வேண்டாமெனக் கையைக் காட்டிவிட்டு, வந்த காரியம் என்ன என்று கேட்டார். ரோஸியின் நாலாவது, பாலாநகர் கேட்டில், நாளைக்குள், என்று துண்டு துண்டாகச் சொன்னாள். இடம் இருக்குமா என்று கேட்க வாயெடுத்தாள்.

அவர் அதற்குள் அடுப்பைத் தணித்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“வசந்தா, இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி போடு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பாமாவிடம் திரும்பி, “குட்டி சாப்டுச்சா?” என்று கேட்டார்.

எட்டு வயது நாயை அவர் குட்டி என்றார். பாமா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நாய்களுக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள்.