வீட்டுக்கு ஒரு பாத்தி

அன்பழகன் தக்காளிக்கு மருந்தடிக்கும்போது கிணற்றோரப் பாத்தியை மட்டும் விட்டுவிடுவார். அது வீட்டுக்கு. மற்றதெல்லாம், மருந்தே படாத தக்காளி என்ற பெயரில், புதுச்சேரியில் ஜிஸ்லேன் அம்மா நடத்தும் இத்தாலிய ஓட்டலுக்குப் போகும். மருந்தில்லாமல் விளைவித்துப் பார்த்துப் புழுவிடம் தோற்றவர்தான் அன்பழகன். தோற்றதை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படியும் வேகவைக்கத்தானே போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஜிஸ்லேன் அம்மா விடாமல் அழைத்ததால், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் சிவசங்கரியோடு அங்கே சாப்பிட வந்திருந்தார். சுவரில் அவருடைய படம் பெரிதாகத் தொங்கியது, கையில் தக்காளிக் கூடையோடு.

முதல் தட்டு வந்தது. வேகாத தக்காளி வில்லைகள், நடுநடுவே வெள்ளைச் சீஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்தடித்து, சனிக்கிழமை விடியலில் பறித்த தக்காளி.

சிவசங்கரி கை நீட்டினாள்.

"வேணாம்மா, புளிக்கும்."

"நம்ம தோட்டத்துதுப்பா. வீட்டுல தெனம் திங்கறதுதானே."

அன்பழகன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வில்லை விடாமல் அள்ளி வாயில் போட்டு, மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

தள்ளி நின்று பார்த்த ஜிஸ்லேன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தானே உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்து சிவசங்கரி முன்னால் வைத்தார்.

"இது உனக்கும் பாப்பாவுக்கும். சாப்புடும்மா. அப்பா எடுக்காம நான் இங்கயே நின்னு பாத்துக்கறேன்."