நட்ட அருவாளைப் பிடுங்கக் கூடாது

ஜீப்பு முந்தல் தாண்டி மலைவளைவில் ஏறும் சத்தம் கேட்டதும் சந்திரவல்லி பயந்துபோய் எழுந்து நின்றாள். வருகிறவள் பேயுமில்லை, பிசாசுமில்லை. மார்லீஸ் என்று ஒரு ஜெர்மனிக்காரி, அறுபது வயது, மூட்டுவலிக்காரி. முறைப்படி பார்த்தால் சந்திரவல்லியின் கணவன் லிங்கேஸ்வரனுக்கு அத்தை முறையோ அக்கா முறையோ வர வேண்டும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து எஸ்டேட் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்திரவல்லிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கதை அப்படி. நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் யோகான் என்றொரு கொல்லன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி இந்த மலைக்கு வந்தான். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு இரும்பு அடுப்பும் புகைக்குழாயும் செய்வதற்காக வந்தவன். வந்த சோலியை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். காய் எடுக்க வந்த முத்தக்காளைப் பார்த்தான், போக மறந்துவிட்டான். ஊர் அவனைப் பட்டறைத்துரை என்றது, அவளைத் துரையம்மா என்றது. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். நாலாவது பிரசவத்தில் முத்தக்காள் செத்துப்போனாள். அவளைப் புதைத்த இடத்தில் தன் கையாலேயே இரும்பு அடித்து நட்டான். மறு வருடமே வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டது. போலீஸ் வந்து அவனைக் கைதி முகாமுக்குக் கொண்டுபோனது, அவன் திரும்பவே இல்லை. பிள்ளைகள் அம்மா சமாதியில் ஒரு கல்லும், பக்கத்தில் அப்பனுக்கு ஒரு கல்லும் நட்டுக் கும்பிட்டார்கள். பேரன்கள் காலத்தில் இருவரும் சாமியாகிவிட்டார்கள். வருசத்துக்கு ஒரு கிடா, ஒரு சுருட்டு. சுருட்டைத் துரை குடிக்கிறாரோ இல்லையோ, பூசை முடிந்ததும் லிங்கேஸ்வரன் குடிப்பான்.

இப்போது அந்த இடத்தில்தான் எஸ்டேட் முதலாளி புது ஸ்டோர் கட்டப்போகிறார். திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது. மானேஜர் யோகராஜ் கெட்டவரில்லை, ஆனால் காகிதத்தை நம்புகிற ஆள். "ரெண்டு கல்லக் காட்டிச் சமாதின்னா முதலாளி சிரிப்பாரு லிங்கேஸ்வரா. ஏதாச்சும் எழுத்து இருந்தாக் காட்டு, நானே பேசி நிப்பாட்டுறேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மார்லீஸின் சேதி வந்தது. யோகான் தன் தம்பிக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்று, அந்தத் தம்பி வழியில் வந்த அவளிடம் இருக்கிறதாம். மனைவிக்கு இரும்பில் சிலுவை செய்து நட்டதாகவும், அதில் அவள் பெயரை வெட்டியிருப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறதாம். மகள் பவித்ரா அந்தச் சேதியை இங்கிலீஷிலிருந்து படித்துச் சொன்னதும் லிங்கேஸ்வரன் துள்ளிக் குதித்தான்.

"நம்ம துரை இரும்பு! அதுதான்டா சிலுவை! கையிரண்டும் துருவேறி உதுந்துபோயி வெறும் பட்டையா நின்னுச்சுல்ல?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெய்த மழையில் அந்தப் பட்டை சரிந்து ஓடையோடு போய்விட்டதென்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். சந்திரவல்லிதான் அப்படிச் சொன்னவள். இன்று விடிந்ததிலிருந்து நாலு பேர் ஓடைச் சேற்றைக் கிளறுகிறார்கள். அட்டை கடித்து முழங்காலெல்லாம் ரத்தம். இல்லாத இடத்தில் தேட விட்டுவிட்டு இப்படி நிற்கிறோமே, நாமெல்லாம் ஒரு பெண்பிள்ளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த இரும்பைப் பிடுங்கியது மழையில்லை, அவள்தான்.

அப்போது பவித்ராவுக்குப் பத்து வயது. மூளைக்காய்ச்சல் வந்து தேனி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். துரைக்கு அருவாள் நட்டு வைப்பதாக சந்திரவல்லி வேண்டிக்கொண்டாள். கடை இரும்பில் செய்தால் எல்லோர் வேண்டுதலையும் போல அதுவும் ஒன்றாகப் போய்விடும். அவர் அடித்த இரும்பிலேயே அருவாள் செய்து கொடுத்தால் மனுசன் தட்டமாட்டார் என்று அவளுக்குப் பட்டது. சமாதி இரும்பில் கை வைத்தது தெரிந்தால் புருசன் விடமாட்டான் என்று, யாருக்கும் தெரியாமல் பட்டையைப் பிடுங்கிச் சாக்கில் சுற்றி, போடியில் ஜக்கையன் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

துருவைச் சுரண்டிய ஜக்கையன் கையை நிறுத்தினார். "தாயி, இதுல ஏதோ பேரு வெட்டியிருக்கு. பேரு மேல நான் சுத்தியல் போடமாட்டேன், அது பாவம். இந்த முனையை அப்படியே விட்டு ரெண்டு பக்கமும் கட்டை வச்சுப் பிடி போட்டுர்றேன்."

"எப்படியோ செய்ங்கண்ணே. வெரசாக் கொடுங்க."

அருவாளைச் சமாதிக் கல்லுக்கு முன்னால் நட்ட மூன்றாம் நாள் பவித்ரா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

ஆகவே எழுத்து எங்கே இருக்கிறது என்று சந்திரவல்லிக்குத் தெரியும். பிடியை உடைத்தால் போதும். ஆனால் நட்ட அருவாளைப் பிடுங்கினால், எதற்காக நட்டோமோ அது போய்விடும் என்பது ஊரறிந்த விசயம். சிலமலை ஊர்க்காரன் பாண்டித்துரை, மாடு பிழைத்ததற்காக நட்ட அருவாளைப் பிடுங்கி வேலி வெட்டினான். மூன்றாம் நாள் மாடு செத்தது. மாட்டுக்கு அப்போது வயது பதினேழு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சந்திரவல்லியும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. பெற்றவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

ஜீப்பு வந்து நின்றது. மார்லீஸ் பவித்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஏலச்செடிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து கல்லுக்கு முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அவள் ஏதோ சொல்ல, பவித்ரா தமிழில் சொன்னாள்.

"அவங்க ஊர்ல முப்பது வருசத்துக்கு மேல ஒரு சமாதிய விட்டு வைக்கமாட்டாங்களாம்மா. தோண்டிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம். அவங்க குடும்பத்துல பழைய சமாதின்னு இது ஒண்ணுதான் மிச்சமாம்."

பின்னாலேயே வந்த யோகராஜ் மரியாதையாகக் கும்பிட்டார். கடிதத்தையும் அதன் இங்கிலீஷ் பிரதியையும் வாங்கிப் பார்த்தார். "கடுதாசி சரிதான். அது இந்த எடந்தான்னு யாரு சொல்றது? அந்த இரும்பு எங்க?"

ஓடையிலிருந்து ஏறி வந்த லிங்கேஸ்வரன் வெறும் கையை விரித்தான். முகம் செத்துப் போயிருந்தது. "இன்னொரு நா கொடுங்க சார். மண்ணச் சலிச்சாச்சும் எடுத்துர்றேன்."

"திங்கக்கெழமைய நான் மாத்த முடியாது லிங்கேஸ்வரா." அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

இன்னும் பத்தடி போனால் ஜீப்பில் ஏறிவிடுவார். முத்தக்காளின் எலும்பை ஜேசிபி வாரிக்கொண்டு போகும். பிள்ளை பெறும்போது செத்தவள். அவள் வயிற்று வழியாக வந்ததுதானே பவித்ரா?

"மானேஜர் சார், நில்லுங்க!" என்று சந்திரவல்லி கத்திவிட்டாள். "இரும்பு ஓடையில இல்ல. இந்தா நிக்கிது."

எல்லோரும் அருவாளைப் பார்த்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். லிங்கேஸ்வரன் அட்டைக்கடியைச் சொறிவதைக்கூட மறந்து நின்றான். "அடிப்பாவி, ஒம்போது வருசமா?" என்றான்.

பவித்ரா அருவாளை எடுக்கக் குனிந்தாள். சந்திரவல்லி பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத! ஒனக்காக நட்டதுடீ அது."

"என் உசுரு இந்தக் கட்டைக்குள்ளயாம்மா இருக்கு?"

"எனக்குத் தெரியாது" என்றாள் சந்திரவல்லி. அழுகை முட்டியது. "தெரியாதுடீ. அதான் பயமாயிருக்கு. நட்ட கைதான் எடுக்கணும், நீ தள்ளி நில்லு."

அருவாளை இரண்டு கையாலும் பிடுங்கினாள். துரையம்மா கல்லைப் பார்த்து, மற்றவர்களும் கேட்கட்டும் என்று வாய்விட்டே பேசினாள். "ஆத்தா, ஒன்னயக் காப்பாத்தத்தான் ஒடைக்கிறேன். நீயும் புள்ளைக்காரி. எம்மகள நீ பாத்துக்கணும். பாக்கலைன்னா நான் சும்மா இருக்கமாட்டேன், ஆமா."

பிடியைப் பக்கத்துப் பாறையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் ஆணி தெறித்து, கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஜக்கையன் தடவிவிட்ட எண்ணெய் கறுத்து ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். கீழே உளியால் ஆழமாக வெட்டிய இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக இருந்தன. பவித்ரா ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க, மார்லீஸ் அர்த்தம் சொன்னாள்.

"முத்தக்காள். அதுக்குக் கீழ, யோகானோட மனைவின்னு போட்டிருக்காம்."

மார்லீஸ் எழுத்தின் மேல் விரலை வைத்து விம்மி விம்மி அழுதாள். லிங்கேஸ்வரன், அத்தையோ அக்காவோ, அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். யோகராஜ் செல்போனில் நாலைந்து படம் எடுத்து, தள்ளிப் போய் முதலாளியிடம் பேசினார். "ஆமாங்கய்யா, பேரே இருக்குங்க. சரிங்க, வேற எடம் பாத்துக்கிர்றேன். திங்கக்கெழம வண்டி வேணாம்னு சொல்லிர்றேன்."

சந்திரவல்லி அது எதையும் காதில் வாங்கவில்லை. பிளந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டு மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. இவ்வளவு நேரம் வெயிலில் நின்ற நெற்றி சுடத்தான் செய்யும் என்று அவளுக்கும் தெரியும். கையை எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.