மூன்றாவது வெளிநாட்டவருக்கு ஒரு தாத்தா

1

என் கண் மேல் ஆணை, அதிலும் புரை விழாத கண் மேல் ஆணை: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தோடு எழுந்து போகலாம். இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

கதை எனக்கு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. என் தலையில் பாதியை மிஷின் மேய்ந்துகொண்டிருந்தபோது ஜெனரேட்டர் நின்றுபோயிற்று. மின்சாரம் வரும்வரை பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தேன். மனிதனுக்கு அப்படி ஒரு நேரம் வாய்த்தால் ஒன்று பிரார்த்தனை செய்வான், இல்லாவிட்டால் பழிவாங்க யோசிப்பான். நான் எழுத்தாளன். இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘பெக்கா சமவெளியின் மேல் பனி மெல்ல—’

(அடித்துவிட்டேன். பனி பெய்தால் அடுத்து ஏதோ அழகாக வரப்போகிறது என்று வாசகர் நம்பிவிடுவார். வராது.)

இரண்டாவது: ‘வாதி கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர் வதீஃ சுக்கர் ஒரு நல்ல—’

(இந்த வாக்கியத்தை முடிக்க மிகவும் முயன்றேன். முடியவில்லை. அப்படியே விட்டுவைக்கிறேன், நீங்கள் முயன்று பாருங்கள்.)

2

ஆகவே நேராகவே தொடங்குகிறேன். பெக்கா சமவெளியில் இருக்கிற ஐன் தல்ஹா ஊரில் எங்கள் வாதி கூடைப்பந்துக் கழகத்துக்கு நான் மைக்கில் பெயர் சொல்லுகிறவன். ஆட்டக்காரர்கள் ஓடி வரும்போது ஒவ்வொருவர் பெயரையும் தேவதூதர் பெயர் போல இழுத்துச் சொல்ல வேண்டும். தோற்கிற அணிக்கு இழுவை அதிகம் தேவை. அந்த ஆண்டு என் தொண்டை கட்டிப்போயிற்று.

நல்ல உள்ளூர் ஆட்டக்காரர்கள் எல்லோரும் குவைத்துக்கும் கத்தாருக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருவன் பல் மருத்துவம் படிக்கிறவன், ஒருவன் பயிற்சியாளரின் மைத்துனன். எங்கள் தலைவர் வதீஃ சுக்கர் ஊருக்கு ஜெனரேட்டர் மின்சாரம் விற்கிறவர். ஊரே அவரை ‘ரைஸ்’, அதாவது தலைவர், என்றுதான் கூப்பிடும், விளக்கு எரியவேண்டும் அல்லவா? உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு அவர் வங்கி டாலரில் சம்பளம் கொடுத்தார்.* மைத்துனனுக்கு அதுவும் இல்லை, வீட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து ஐந்து ஆம்பியர் மின் இணைப்பு.

* வங்கி டாலர் என்பது வங்கியில் எண்ணாகத் தெரியும், கையில் வராது. வந்தால் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கி வரும். வெளிநாட்டவர் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவர்களுக்குக் கையில் டாலர்.

வெளிநாட்டவர் மூன்று பேர் இருந்தார்கள். களத்தில் இறங்க விதிப்படி இருவருக்குத்தான் அனுமதி. மூன்றாமவன் கோர்டெல் விட்லாக், அமெரிக்காவின் டோலிடோ நகரத்துக்காரன். பெஞ்சில் உட்கார்ந்து மாதாமாதம் கையில் டாலர் வாங்கிக்கொண்டிருந்தான். ரைஸ் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பயிற்சியாளர் முனீரைக் கூப்பிட்டார்.

“முனீர், அந்த நெட்டையன் அங்க உக்காந்து என்ன பண்றான்?”

“பெஞ்சத் தேய்க்கிறான், ரைஸ். அவன் மூணாவது ஆளு, இறக்க முடியாது.”

“அப்ப எதுக்குடா எடுத்தோம்?”

“நீங்கதான் எடுத்தீங்க. வீடியோ பாத்துட்டு.”

“வீடியோல குட்டையாத் தெரிஞ்சான். சம்பளமும் குட்டையா இருக்கும்னு நெனச்சேன்.”

“அனுப்பிடுவோமா?”

“அனுப்பினா மிச்ச மாசத்துக்கும் காசு குடுக்கணுமே! ஒப்பந்தத்துல போட்டு வச்சிருக்கான் பாவி.” ரைஸ் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் படிந்த மண்டியைப் பார்த்தார். “ஏன் முனீர், இவனுக்கு நம்ம ஊர்ல ஒரு தாத்தா இருந்தா?”

அப்பாவழித் தாத்தா எங்கள் நாட்டவர் என்றால் பேரன் எந்த மூலையில் பிறந்திருந்தாலும் உள்ளூர் ஆட்டக்காரன்தான். அணியில் இடப் பிரச்சினை தீரும். இன்னொரு பிரச்சினையும் தீரும் என்பதை ரைஸ் அன்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

3

பிறப்புக்கும் இறப்புக்கும் முத்திரை குத்துகிற முக்தார் ஷலீட்டாவின் வீட்டுக்கு எல்லோரும் போனோம். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். கதை சொல்லுகிறவன் போகாத இடத்தில் ஏதாவது நடந்தால் வாசகர் நம்பமாட்டார்.

“எந்த மாதிரி தாத்தா வேணும்?” என்று முக்தார் செருப்புக்கடைக்காரர் போலக் கேட்டார்.

“கப்பலேறிப் போனவன். திரும்பாதவன். கேக்க ஆளில்லாதவன்,” என்றார் ரைஸ்.

“மிக்காயில் பர்பூர் இருக்கான். எங்க எறங்கினான்னு கடலுக்குத்தான் தெரியும்.”

கோர்டெல் குனிந்து குனிந்து வாசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தான். எங்கள் மொழி ஓரளவு வரும். “ஐயா, எனக்குத் தாத்தா இருக்காரு. பேரு லோனி. மிசிசிப்பில பருத்தி எடுத்தவரு.”

“அது அப்பாவோட அப்பாவா, அம்மாவோட அப்பாவா?”

“அம்மாவோட அப்பா.”

“ஒரு மனுஷனுக்கு ரெண்டு தாத்தா உண்டு, தம்பி. இன்னொண்ணு காலியா இருக்கா?”

“அவரப் பத்தி எங்கப்பா பேசவே மாட்டாரு. வீட்டை விட்டுப் போனவரு, ஒரு லெட்டர்கூடப் போட்டதில்லையாம்.”

முக்தார் தொடையில் தட்டினார். “மிக்காயிலேதான்! இங்கயும் அவன் லெட்டர் போட்டதில்ல.”

ரைஸ் சிலுவையில் கைவைத்து, சின்ன வயதில் மிக்காயிலின் மூக்கைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் அதே மூக்குதான் இது என்றும் சத்தியம் செய்தார். மிக்காயில் கப்பலேறியபோது ரைஸ் பிறக்கவில்லை. இதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அவரவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது.

திரும்பும்போது கோர்டெலிடம் கேட்டேன், “ஏன் தம்பி ஒத்துக்கிட்டே?”

“பெருசு, எனக்கு முழங்கால் போச்சு. இதான் கடைசி வருஷம். டோலிடோல நானும் எங்கக்காவும் ஒரு சலவைக்கடைக்கு முன்பணம் கட்டியிருக்கோம். மிச்சத்த இந்த சீசன் சம்பளத்துல கட்டணும். பெஞ்சுல உக்காந்தவன்னு பேர் வந்தா, ஒப்பந்தம் இருந்தாலும் காசு குடுக்காம நடுவுல கழட்டிவிட்டுடுவாங்க. ஆடினாத்தான் சம்பளம் நிக்கும்.”

கதையில் பணயம் இதுதான்: ஒரு சலவைக்கடை. இன்னும் பெரிதாக ஏதாவது வைக்கலாமா என்று யோசித்தேன். நோயாளி மகள், கண்ணில்லாத தாய் என்றெல்லாம். (வேண்டாம். சலவைக்கடைக்காக அழமுடியாத வாசகர் வேறு எதற்கும் அழ வேண்டியதில்லை.)

4

‘கோர்டெல் மிக்காயில் பர்பூர்ர்ர்!’ என்று நான் மைக்கில் இழுத்த அன்று மண்டபமே எழுந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். அவன் அன்று மூலையிலிருந்து எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்குள் தானாகப் போயிற்று. ஒரு பந்து மட்டும் கூரையின் ஓட்டை வழியே வெளியே போய், காற்றில் திரும்பி, அதே ஓட்டை வழியே வந்து விழுந்தது. நடுவர் மூன்று புள்ளி கொடுத்தார். (சத்தியம் முதல் பக்கத்திலேயே செய்தாகிவிட்டது.)

ஜெயித்தோம். மறுபடியும் ஜெயித்தோம். ஊர் அவனுக்கு கிப்பே என்கிற கறி உருண்டை கொண்டுவந்தது, ஊறுகாய் ஜாடி கொண்டுவந்தது. மிக்காயிலோடு பள்ளிக்கூடம் போனதாக இரண்டு கிழவர்கள் தெருவில் நின்று அடித்துக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரைப் பொய்யன் என்றார். இருவருமே பொய்யர்கள்.

சம்பள நாள் வந்தது. ரைஸ் காசோலையை நீட்டினார்.

“இது என்ன, ரைஸ்? கையில டாலர்னு பேசினோமே.”

“அது வெளிநாட்டுக்காரனுக்கு, ஹபீபி. நீ இப்ப நம்ம பிள்ள. நம்ம பிள்ளைங்களுக்கெல்லாம் வங்கி டாலர்தான்.”

“இத வச்சு டோலிடோல என்ன வாங்கறது?”

“டோலிடோ எதுக்கு? நீ ஐன் தல்ஹாக்காரன்.”

மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: “வேணும்னா ஆம்பியர் கேளு, அண்ணே. அதாவது எரியும்.”

மறுநாள் கோர்டெல் வங்கி வாசலில் வரிசையில் நின்றான். முன்னால் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பின்னால் ஒரு விதவை. மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, நாளைக்கு வரச்சொன்னார்கள். மூவரும் சேர்ந்து ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னார்கள். முக்தார் குத்திய முத்திரையால் அல்ல, அந்த வார்த்தையால்தான் அவன் எங்கள் நாட்டவன் ஆனான்.

5

இங்கே ஒரு பாத்திரம் நுழைகிறாள். நான் கூப்பிடவில்லை. இவளை இரண்டு முறை அடித்துவிட்டேன், மூன்றாவது வரைவில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வசதியாக ஒருத்தி வந்தால் வாசகர் சந்தேகிப்பார். நானும்தான்.

பெயர் அட்லா பர்பூர். மிக்காயிலின் அண்ணன் மகள், கல்யாணம் ஆகாதவள், ஊர்க்கோடியில் தையல் மிஷினோடு இருக்கிறவள். ‘கேட்க ஆளில்லாத’ தாத்தாவைத் தேடிய மூன்று ஆண்களுக்கும் அவள் நினைவு வரவில்லை. எங்கள் ஊரில் ஆள் கணக்கு எடுக்கும்போது கல்யாணமாகாத பெண்ணை எண்ணுகிற வழக்கம் கிடையாது. அவர்கள் செய்த ஒரே தவறு அது.

பயிற்சி நடுவே களத்துக்குள் செருப்போடு நடந்து வந்தாள்.

“நீதான் எங்க சித்தப்பா பேரனா? குனி. முத்தம் குடுக்கணும். இன்னும் குனி, நான் என்ன ஏணியா கொண்டுவர?”

“அம்மா, உண்மையச் சொல்லிடறேன். நான் உங்க…”

“வாய மூடு. முத்திர குத்தியாச்சு. அத்தைன்னு கூப்பிடு.”

“அத்தை.”

“அந்தத் திருடன் உன் சம்பளத்தச் சுருட்டிட்டானாமே. அவன் ஜெனரேட்டர் நிக்கிற கொட்டடி யார் நெலம் தெரியுமா?”

“தெரியாது, அத்தை.”

“உங்க தாத்தாவோடது. எங்கப்பா பங்கு ஓரத்துல, உங்க தாத்தா பங்கு நடுவுல. நான் கேட்டப்பல்லாம் சிரிச்சான். ‘மிக்காயிலோட வாரிசு வந்து கேட்டா எடுத்துடறேன்’னான். இப்ப வாரிசு வந்திருக்கே! கதவுல இடிக்கிற ஒசரத்துல வந்திருக்கே!”

அவள் அவனைப் பேரனாக நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ரைஸுக்கு அவன் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. அவளுக்கு அவன் ஒரு கடப்பாரை. ஊரில் அவனிடம் எதுவும் வேண்டாதவர்கள் ஊறுகாய் ஜாடி கொடுத்தவர்கள் மட்டுமே. (அவர்களுக்கும் காலி ஜாடி திரும்ப வேண்டும்.)

6

அட்லா கோர்டெலை நேரே கொட்டடிக்கு இழுத்துப் போனாள். அங்கே பேசினால் கேட்காது, கத்தவேண்டும். ஆகவே அந்தப் பேச்சு ஊர் முழுக்கக் கேட்டது.

“ரைஸ், எங்க தாத்தா நெலத்துக்கு வாடக குடுங்க! கையில டாலரா!”

“எவன்டா உங்க தாத்தா?”

“மிக்காயில்! நீங்கதான் மூக்கப் பாத்து சத்தியம் பண்ணீங்க!”

இப்போது ரைஸ் மாட்டிக்கொண்டார். ‘இவன் பேரன் இல்லை’ என்றால் ஜெயித்த ஆட்டமெல்லாம் பறிபோகும், பொய்ச் சத்தியத்துக்குக் கழகமே லீக்கிலிருந்து போகும். ‘பேரன்தான்’ என்றால் கொட்டடி போகும். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதன் தான் செய்த தாத்தாவைப் பார்த்துப் பயந்தான்.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் ரைஸ் சிரித்துவிட்டார்.

“பேரன்தான் ராசா! யாரு இல்லேன்னா? கோர்ட்டுக்குப் போ!”

அட்லாவின் முகம் செத்துப்போயிற்று. கோர்டெல் அவளைக் கேட்டான், “போகலாமே, அத்தை?”

“நீதிபதிங்க வேலநிறுத்தத்துல இருக்காங்கடா.”

“ஏன்?”

“சம்பளம் வரல.”

7

முடிவுகள் கையிருப்பில் உள்ளன.

அ) கோர்டெல் லீக் அலுவலகத்துக்குப் போய், ‘நான் மிக்காயில் பேரன் அல்ல’ என்று உண்மையைச் சொல்கிறான். மறுபடி வெளிநாட்டவன் ஆகிறான். ஆகவே அவனுக்குக் கையில் டாலர் தரவேண்டும். ஆனால் கழகத்தைக் கலைத்துவிட்டதால் தருவதற்கு ஆள் இல்லை. அட்லாவுக்கு வாரிசும் இல்லை. உண்மை எல்லோரையும் ஒரே நாளில் ஓட்டாண்டியாக்குகிறது.

ஆ) பேரனாகவே இருக்கிறான். ஒரு ஜெனரேட்டர் கொட்டடியின் நடுப்பங்கு அவனுக்குச் சொந்தம், காகிதத்தில். டோலிடோவில் அக்கா சலவைக்கடையின் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறாள். தேர்தல் வந்தால் அவனுக்கு ஐன் தல்ஹாவில் ஓட்டு உண்டு. ரைஸ் வேட்பாளர்.

இ) முக்கியமான ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில், அவன் களத்திலிருந்து இறங்கிக் கொட்டடிக்குப் போய் நெம்புகோலை இழுத்து விளக்கை அணைக்கிறான். பெரும் பழிவாங்கல். மண்டபம் இருளில் மூழ்குகிறது. ஒருவரும் பதறவில்லை. எல்லோரும் கைபேசி வெளிச்சத்தில் கடலை கொறித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இருட்டை யாரோ ஒருவன் செய்தான் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

ஈ) விமானம் ஏறும்போது அட்லா அவன் கையில் தன் வளையல்களை—

(இல்லை. அவளுக்கு வளையல் கிடையாது. தையல் மிஷின் மோட்டாருக்கு ரைஸிடம் வாங்கிய மின்சாரத்துக்கே போயிற்று.)

நான் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன். எதைத் தேர்ந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு சலவைக்கடை பாக்கி. நீங்கள் வாசகர், உங்களுக்குக் கை சுத்தம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவனைப் பேரனாக்கிப் பட்டினி போடுவீர்களோ, அந்நியனாக்கிப் பட்டினி போடுவீர்களோ, உங்கள் பாடு. மூன்றாவது வழி தெரிந்தால் எழுதி அனுப்புங்கள், நாட்டுக்கே உபயோகமாக இருக்கும்.

எழுதுவதற்கு முன் ஒரு தகவல் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நுழைவுக் கட்டணம் கட்ட முடியாததால் நான் சத்தியம் செய்து சொன்ன அந்தப் பருவத்தில் வாதி கழகம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.