லைல் ஹாஸ்டெட்லர் கூவிய பந்து

1974 ஜூலை ஒன்பதாம் தேதி, ஆறாவது இன்னிங்ஸில், எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் உயரே அடிக்கப்பட்ட பந்து நான்கு வருடம் ஒரு மாதம் கழித்துத்தான் கீழே வந்தது. அன்று காற்று இல்லை. எதிரணியில் இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் மட்டை எங்கள் பக்கம் வரும். முறைப்படி அது இடதுகளத்தில் நின்ற ரூடி பச்சேகோவின் பந்து. ஆனால் ரூடி, லைல் இருவரில் ஒருவனை, எங்களுக்கு ஒரு படி மேலே ஆடும் மேல் அணிக்கு எடுக்க வந்தவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதனால் நடுக்களத்து லைல் ஹாஸ்டெட்லர், இருபத்திரண்டு வயது, தொழில்முறை ஆட்டத்தில் இரண்டாம் வருடம், ஓடிவந்து "என்னது, என் பந்து" என்று கூவினான். ஒருவன் கூவிவிட்டால் மற்றவன் ஒதுங்க வேண்டும். கூவியவன் பிடித்தாக வேண்டும். ரூடி ஒதுங்கினான். பந்து வரவில்லை.

"இன்னும் தெரியுதாடா?" என்றான் ரூடி, கால் மணி நேரம் கழித்து.

"தெரியுது."

"நல்லாப் பாரு. காக்காவா இருக்கப் போவுது."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம், லைல் நகர்ந்தால் மட்டும் பந்தைத் தவறவிட்டதாக ஆட்டச்சீட்டில் அவன் பெயருக்கு நேரே பிழை என்று எழுதப்படும் என்றார். மேல் அணிக்காரர் பார்த்திருக்க அப்படிப் பிழை எழுதப்பட்டவனை மேலே கூப்பிட மாட்டார்கள். பயிற்சியாளர் ஆரின் ஸ்டப்ஸ் புல்வெளியைக் கடந்து வந்தார்.

"அது உன் பந்தே இல்லையேடா."

"அதான் கூவிட்டேனே கோச்."

வியாழக்கிழமை மேல் அணிக்கு ரூடியை எடுத்துக்கொண்டார்கள். அவன் இரண்டு பைகளோடு வேலியருகே வந்து, "உன் இன்னொரு ஜோடி பூட்ஸை நான் எடுத்துக்கட்டுமா? உனக்கு இப்ப ஒண்ணு போதுமே" என்று கேட்டான். லைல் சரியென்றான்.

புதிதாக வந்த நடுக்களத்துக்காரர்கள் அவனுக்கு இரண்டு அடி தள்ளி நின்று ஆடினார்கள். அவன் குடியிருந்த வீட்டுக்காரி எல்டா ப்ரோக்மன் ஆறு மணிக்கு வேகவைத்த சோளக்கதிர் கொண்டுவருவாள். குளிர்காலத்தில் கம்பளிக் குல்லாவும். பனி முழங்கால்வரை ஏறியபோதும், அவன் காலடியில் பந்தின் நிழல் விழுந்த காசளவு இடம் பச்சையாகவே இருந்தது. ஒகையோவிலிருந்து அப்பா ஒருமுறை வந்தார். டிராக்டர் டயர் பற்றிப் பேசிவிட்டுப் போனார். முதல் வருடம் லைல் நாட்களை எண்ணினான். இரண்டாம் வருடம் கையுறைக்குள் இருந்த இடது கை மரத்துப்போனது. மூன்றாம் வருடம் மேல் அணியைப் பற்றி யாராவது கேட்டால், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "பரவாயில்ல" என்பான்.

1978 ஆகஸ்டில் தோள் கிழிந்து ரூடி எங்கள் அணிக்கே திரும்பினான். பழையபடி இடதுகளத்தில் நின்றான். மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவே லைலின் காலடி நிழல் பெரிதாகத் தொடங்கியது. இருவரும் பார்த்தார்கள்.

"உன்னதா, என்னதா?"

"என்னது."

பந்து சாதாரண வேகத்தில்தான் வந்தது. கையில் உணர்ச்சி இல்லாததால் கையுறைக்குள் எட்டிப் பார்த்தான். இருந்தது. ஓய்வுபெற்று விதை விற்றுக்கொண்டிருந்த அந்தப் பழைய நடுவர், பார்வையாளர் பலகையிலிருந்து எழுந்து முஷ்டியை உயர்த்தினார். மூன்றாவது அவுட்.

பாதியில் நின்ற அந்த ஆட்டத்தைத் தொடர ஸ்டப்ஸ் பழைய ஆட்டச்சீட்டைத் தேடி எடுத்தார். ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் தரப்பில் முதலில் மட்டை பிடிக்க வேண்டியவன் லைல்தான். அருமையாகப் பந்தைப் பிடித்தவனுக்கே அடுத்து மட்டை பிடிக்கும் முறை வரும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் வியக்கவில்லை. அவன் பூட்ஸ் அடி விட்டுப்போயிருந்தது. ரூடி ஒரு ஜோடியை நீட்டினான்.

"உன்னதுதான். மேல ரெண்டு வாரம்தான் போட்டேன், அப்புறம் அவங்களே புதுசு குடுத்துட்டாங்க."

லைல் கயிற்றை வலது கையாலேயே கட்டிக்கொண்டு மட்டையை எடுத்தான். சீட்டில் அவன் பெயருக்கு நேரே பிழை எதுவும் இல்லை.