பேர் வருவதற்கு முன்

பாட்டு போடுவதுதான் லூர்துநாதனின் தொழில். கேட்பது அல்ல. செஞ்சியைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு என்றாலும் அவனுடைய கிராமபோன் பெட்டியும் குழாயும்தான் மாட்டு வண்டியில் போகும். இருபது வருஷத்தில் ஒரு பாட்டும் அவன் மனதில் தங்கியதில்லை. பெட்டியில் சாவி எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஊசி தேய்ந்துவிட்டதா, ஐயர் தாலியை எடுத்துவிட்டாரா என்பதைத்தான் அவன் கவனிப்பான். மேளக்காரர் கோலை ஓங்கியதும், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் ஊசியைத் தூக்கிவிடுவான். அதில் அவன் கை தவறியதே இல்லை.

1943 மார்கழியில் அவனிடம் புது இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை. தட்டு செய்கிற அரக்கு யுத்தத்துக்குப் போய்விட்டது. பழைய தட்டு இரண்டு கொடுத்தால் புதுத் தட்டு ஒன்று, பழையதை அரைத்துத்தான் புதியது வார்க்கிறார்கள் என்று விழுப்புரத்து ஏஜெண்ட் சொல்லிவிட்டார். தை பிறந்தால் கல்யாணங்கள். புது சினிமாப் பாட்டு இல்லாத பெட்டியை யார் கூப்பிடுவார்கள்? மார்கழியில் இந்துக்கள் வீட்டில் விசேஷம் கிடையாது, கிறிஸ்துமஸ் முடியும்வரை அவனுடைய ஜனங்களும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அவன் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பழந்தட்டு பொறுக்கினான்.

சிங்கவரத்தில் சுந்தரமூர்த்தி என்பவர் வீட்டுப் பரணில் பதினொரு தட்டுகள் கிடைத்தன. பன்னிரண்டாவது சமையலறையில் இருந்தது. புளிப்பானைக்கு மூடி. நடு ஓட்டையில் துணி அடைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி தின்றுவிட்டதால் யார் பாடியது, எந்த வருஷம் என்று ஒன்றும் தெரியவில்லை. துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டான்.

அந்த வாரம் பெட்டிக்கு வேறு ஸ்பிரிங் மாற்றியிருந்தான். ஓட்டிப் பார்க்க ஒரு தட்டு வேண்டும். நல்ல தட்டைத் தேய்ப்பானேன் என்று புளிப்பானை மூடியை எடுத்து வைத்தான். ஒரு பெண் பாடினாள். வெள்ளம் போகிற ஆற்றங்கரையில் நின்று ஓடக்காரனைக் கூப்பிடுகிற பாட்டு. லூர்துநாதன் ஸ்பிரிங்கின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். பாதியில் ஆர்மோனியம் சட்டென்று நின்றது. ஸ்பிரிங் போய்விட்டது என்று அவன் பதறிப் பெட்டியைத் திறக்கப் போனான். ஸ்பிரிங்குக்கு ஒன்றும் இல்லை. குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆர்மோனியம் வந்து சேர்ந்துகொண்டது. கடைசியில் அந்தப் பெண் தன் பேரைச் சொன்னாள். "ஆரணி மீனம்பாள்."

ஸ்பிரிங் சரியாக இருந்தது. அதோடு அவன் அதை மறந்திருப்பான். சாயங்காலம் டீக்கடையில், பக்கத்து மல்லாட்டை மண்டி மேஸ்திரி ராஜாங்கத்திடம் பேச்சுவாக்கில் சொன்னான்.

"ஒரு பழைய தட்டு கெடச்சிதுண்ணே. பொம்பள கொரலு. ஆத்தங்கரைப் பாட்டு. பரவால்ல."

ராஜாங்கம் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "யோவ், நம்ம பிளேட்டோட பிளேட்டு அதுதானோ என்னமோ!"

பிளேட்டு என்பது அம்மாக்கண்ணு. வயது ஐம்பத்திரண்டு. மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, புடைத்துத் தோல் நீக்குகிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை வந்தாலும் சரி, உட்காருகிற இடத்துக்குச் சண்டை வந்தாலும் சரி, கடைசியில் அவள் சொல்வது ஒன்றுதான்: "யாருன்னு நெனச்சே? பிளேட்டுல பாடினவடி நான்." இருபது வருஷமாகச் சொல்கிறாள். அந்தத் தட்டை யாரும் பார்த்ததில்லை. அவள் பாடியும் யாரும் கேட்டதில்லை. மல்லாட்டைத் தூசியும் இருமலும் அவள் தொண்டையை எப்போதோ தின்றுவிட்டன. மண்டிப் பெண்கள் அவளுக்கு அதையே பேராக வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பகல் வேலை விட்டதும் அவள் லூர்துநாதன் கடை வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் தோல் தூசி.

"ஆத்தங்கரைப் பாட்டாமே."

"ஆமாக்கா."

"நடுவுல ஆர்மோனியம் நின்னுபோவுதா?"

லூர்துநாதன் நிமிர்ந்து பார்த்தான். அதை அவன் ராஜாங்கத்திடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"உள்ள வாக்கா" என்றான்.

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். "எனக்குப் பதினெட்டு வயசு. மீனம்பாள் நாடகக் கம்பெனியில பின்பாட்டு. மெட்ராஸுல ஒரு மாடி ரூமுல வெள்ளக்காரன் பெரிய குழாய வெச்சிக்கினு இருந்தான். அன்னிக்கின்னு பார்த்து மீனம்பாளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சி. மறுநாளு அவனுக்குக் கப்பலு. கம்பெனிக்காரன் என்னப் புடிச்சி முன்னால தள்ளிட்டான். மேல பாடுனா வெள்ளக்காரன் என் தலையப் புடிச்சிப் பின்னால இழுப்பான், கீழ வந்தா குழாய்க்குள்ள அமுக்குவான். ஆட்டைப் புடிக்கிற மாதிரி. பாதியில ஆர்மோனியக்காரனுக்குத் துருத்தி வுட்டுப்போச்சி. நிறுத்தாதே, பாடுன்னு வெள்ளக்காரன் கைய ஆட்டுறான். பாடினேன்."

"கடைசியில வேற பேரு இல்ல வருது."

அவள் இருமினாள்.

"அப்பல்லாம் பாடி முடிச்சதும் பேரச் சொல்லணும். தட்டு ஊத்துறவன் சீமையில இருக்கான், அவனுக்கு எப்படித் தெரியும் யாரு பாட்டுன்னு? கம்பெனிக்காரன் என் முதுவுல கைய வெச்சி நின்னுக்கினு இருந்தான். அவன் சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

அதற்குள் ராஜாங்கம் மண்டியில் ஏற்பாடு செய்துவிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம், கூழ் குடிக்கிற நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் தட்டைப் போடுவது. பாடியது அம்மாக்கண்ணுதான் என்றால் மண்டியே அவள் காலில் விழும். இல்லையென்றால் சாகும்வரை அவள் பிளேட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது. அவள் ஒத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏங்க்கா ஒத்துக்கினே? பேரு தெரிஞ்சிருந்தும்?"

"நீ இருக்கற இல்ல" என்றாள். "கடைசி அடி முடிஞ்சதும் ஆர்மோனியம் ரெண்டு தரம் அமுங்கும். அப்புறந்தான் பேரு. அந்த ரெண்டுக்குள்ள எடுத்துடு. பாட்டக் கேட்டா அவளுங்களுக்குத் தெரிஞ்சிடும். பேசறப்ப என் கொரலு இன்னும் கொஞ்சம் அப்பிடித்தான் இருக்குது."

இருக்கவில்லை. ஆனால் லூர்துநாதன் அதைச் சொல்லவில்லை. "என் வேலையே அதாங்க்கா. கவலைப்படாத" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். இருபது வருஷமாகத் தவறாத கை.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. மண்டிக் களத்தில் நாற்பது பெண்கள் கூழ்ச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். லூர்துநாதன் இரண்டு மூட்டையை அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்தான். அம்மாக்கண்ணு கிட்டே வரவில்லை. தூரத்தில் மல்லாட்டைக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தைக் கழுவித் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள்.

"பிளேட்டு, பூ வெச்சிக்கினு வரக்கூடாதா? கச்சேரியாச்சே!" என்றாள் ராஜம்மாள். அவள்தான் அங்கே வாய் பெரியவள்.

"அவளுக்கு எதுக்குடி பூவு, குழாய்க்கு வெய்யி" என்றது இன்னொரு குரல். களம் முழுவதும் சிரிப்பு.

லூர்துநாதன் சாவி கொடுத்தான். புது ஊசி போட்டான். ஊசிக்கு அத்தனை பஞ்சம் இருந்த காலத்தில் அரைக்கப் போகிற தட்டுக்குப் புது ஊசி போட்டது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஊசியை இறக்கினான்.

முதல் அடி வரைக்கும் கூழ் உறிஞ்சுகிற சத்தம் இருந்தது. அப்புறம் குறைந்தது. அவன் வலது கை ஊசிக் கழுத்தின் பக்கத்தில் தயாராக இருந்தது. ஸ்பிரிங் சத்தத்தைப் பற்றி இன்று கவலை இல்லை. சாவி போதும். ஐயரும் இல்லை, தாலியும் இல்லை, பார்க்க வேண்டிய மேளக்காரரும் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் காதுக்குச் செய்ய வேறு வேலை இல்லாமல் போயிற்று.

ஆர்மோனியம் நின்றது. குரல் தடுமாறவில்லை. பிடித்துக்கொள்ள எதையும் தேடவில்லை. தண்ணீர் ஏறுகிறது, இருட்டுகிறது, ஓடக்காரன் அக்கரையில் இருக்கிறான், அவனுக்குக் கேட்கிறதா இல்லையா தெரியவில்லை. கெஞ்சலாகக் கூப்பிடவில்லை அவள். கூப்பிட்டால் வரவேண்டியவன் வரவில்லை என்ற கோபத்தில் கூப்பிட்டாள். பதினெட்டு வயதுப் பெண், தலையை ஒருவன் பிடித்து அழுத்த, முதுகில் ஒருவன் கை வைத்திருக்க, அப்படிப் பாடினாள். இத்தனை வருஷமாகத் தான் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் என்ன என்று லூர்துநாதனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைசி அடி வந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். ஆர்மோனியம் ஒரு தரம் அமுங்கியது. இன்னொரு தரம் அமுங்கியது. லூர்துநாதன் ஓடக்காரனின் பதிலுக்குக் காத்திருந்தான்.

"ஆரணி மீனம்பாள்" என்றது குழாய்.

கை அப்போதுதான் நகர்ந்தது. ஊசி கீச்சிட்டது.

கூழ்ச்சட்டிகள் கையிலேயே இருந்தன. பாட்டின் பிடி இன்னும் விடவில்லை. பிறகு ராஜாங்கம் தொடையில் தட்டிச் சிரித்தான். அதன்பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏ பிளேட்டு! நீ எப்போடி ஆரணிக்காரி ஆன?"

"மீனம்பாளம்மா, கூழு குடிக்கிறியா?"

"நிறுத்துங்க" என்றான் லூர்துநாதன். "பாடுனது இவங்கதான். பேரு மட்டும் மாத்திச் சொல்ல வெச்சிட்டாங்க. ஆர்மோனியம் நிக்கிறத எங்கிட்ட முன்னாலயே சொன்னாங்க."

"நீதான் சொல்லிக் குடுத்திருப்ப" என்றான் ராஜாங்கம். "தட்டே பேரச் சொல்லுது, நீ யாருய்யா நடுவுல? உனக்கும் அவளுக்கும் இன்னா?"

மறுபடி சிரிப்பு. ராஜம்மாள் மட்டும் கொஞ்சம் இறங்கிய குரலில், "ஒரு அடி பாடிக் காட்டேன்க்கா. தெரிஞ்சிட்டுப் போவுது" என்றாள்.

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அது முடிவதற்குள் பெண்கள் சட்டியைக் கழுவ எழுந்துபோய்விட்டார்கள். அவள் முறத்தில் மல்லாட்டையை அள்ளிப் புடைக்க ஆரம்பித்தாள்.

வேலை விட்டு அவள் கடை வழியாகப் போகும்போது லூர்துநாதன் வெளியே வந்து நின்றான்.

"யக்கா. கேட்டுக்கினே இருந்துட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

"எவனாவது ஒருத்தன் கேக்க மாட்டானான்னு முப்பத்திநாலு வருசம் இருந்தேன்" என்றாள். "இன்னைக்குத்தானா நீ கேக்கணும்?"

போய்விட்டாள்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பிளேட்டுப் பேச்சை எடுக்கவில்லை. குடத்துக்குச் சண்டை வந்தால் விட்டுக்கொடுத்தாள். யாரும் பிளேட்டு என்றும் கூப்பிடவில்லை. வம்புக்கு இழுத்தால் பதில் சொல்கிறவளைத்தானே இழுப்பார்கள்? ஆனால் பாட்டு மண்டியில் தங்கிவிட்டது. ராஜம்மாள் புடைத்துக்கொண்டே அந்த ஓடக்காரன் அடியை முனகினாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 'மீனம்பாள் பாட்டு' என்று அதற்குப் பேர். எல்லாரும் ஒரு இடத்தில் தப்பாகவே பாடினார்கள். அந்த இடம் வரும்போது அம்மாக்கண்ணுவின் முறம் ஒரு நொடி நிற்கும். பிறகு போகும்.

அந்தத் தட்டை லூர்துநாதன் ஏஜெண்டுக்குக் கொடுக்கவில்லை. தை மாதம் ஒரு நாள் ஆணியை எடுத்து, தட்டின் கடைசி வரிகளை, பேர் இருக்கிற இடத்தை மட்டும், அழுத்திக் கீறினான். இதை வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. தன் கையை நம்பினான். போட்டுப் பார்த்தான். ஆர்மோனியம் இரண்டு தரம் அமுங்கியது. அப்புறம் கரகரவென்ற சத்தம்தான்.

பெட்டியையும் தட்டையும் தூக்கிக்கொண்டு மண்டிக்குப் போனான். மத்தியானம். ராஜாங்கம் சாக்கின்மேல் படுத்திருந்தான்.

"இப்ப கேளுங்கண்ணே. பேர எடுத்துட்டேன். வெறும் பாட்டு. பாடுனது அவங்க. நான் எந்தக் கோயில்ல வேணா சத்தியம் பண்றேன்."

ராஜாங்கம் எழுந்து உட்கார்ந்தான். சிரிக்கவில்லை. அந்தப் பாட்டு அவனுக்கும் பிடித்துப்போயிருந்தது. இந்த ஒரு மாதத்தில் அம்மாக்கண்ணு யாரிடமும் வாயைத் திறக்காதது அவனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"இன்னாம்மா?" என்று குவியல் பக்கம் திரும்பிக் கேட்டான். "இவன் இவ்ளோ சொல்றான். உன்னுதுதானா அது? நீயே சொல்லு. நாங்க ஒத்துக்கறோம்."

பெண்கள் முறத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ராஜம்மாள் தலையை ஆட்டினாள், சொல்லு என்பதுபோல.

அம்மாக்கண்ணு லூர்துநாதனின் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். கீறல் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

"எனக்குப் பாட்டு இன்னா தெரியும், மேஸ்திரி?" என்றாள். "அது மீனம்பாள் பாடினது. எல்லாருந்தான் கேட்டீங்களே."

முறத்தை உயரத் தூக்கிப் புடைத்தாள். தோல் பறந்து அவள் தலைமேலேயே விழுந்தது.